இரண்டங்குலம் தாழ்ந்த கூரை

என் வீட்டுக்காரர் டெரிக் ஆறு வருஷம் கட்டிய காரிலிருந்து நான் இரண்டங்குலம் திருடினேன். அதைக் கண்டுபிடித்தவர் ஒரே ஒருவர். அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐம்பதுகளில் சினிமா நட்சத்திரங்கள் ஓட்டினார்களே, மேலே திறந்த, இரண்டே இருக்கை உள்ள கார், அது மாதிரி இருக்கும். மாதிரிதான். அசல் வாங்குகிறவர்கள் இங்கிலாந்தில் நனீட்டன் மாதிரி ஒரு சின்ன ஊரில், எங்கள் தெருவில் குடியிருக்க மாட்டார்கள். டெரிக் வாங்கியது ஃபைபர்கிளாஸ் என்கிற கண்ணாடி நாரில் வார்த்த நகல் உடம்பு. பதினோரு பெட்டிகளில் வந்து இறங்கியது. இன்ஜினும் சக்கரங்களும் ஒரு வட்டார நர்ஸ் ஓட்டி ஓய்ந்த பழைய குடும்பக் காரிலிருந்து எடுத்தவை. மேலே சினிமா நட்சத்திரம், உள்ளே வட்டார நர்ஸ். ஸ்டார்ட் செய்தால் இருமுவது நர்ஸ்தான்.

பெட்டிகள் வந்த அன்று டெரிக் இடதுபக்க இருக்கையை மட்டும் பிரித்துக் கொண்டுவந்து சமையலறைத் தரையில் வைத்தார். என்னை அதில் உட்காரச் சொன்னார்.

“இது உன் சீட்டு மேவிஸ். முதல் நெடும்பயணம் நீயும் நானும்தான்.”

நான் உருளைக்கிழங்கு உரிக்கிற கத்தியைக் கையில் பிடித்தபடி தரையோடு தரையாக உட்கார்ந்தேன். எதிரே அடுப்பு. ஆனாலும் ஏதோ கடற்கரைச் சாலையில் போவதுபோல் சிரித்தேன். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அந்த வயதில் ஒருத்தி இவ்வளவு எளிதில் ஒரு வார்த்தையை நம்பியிருக்கக் கூடாது.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் அவர் கராஜில் வாழ்ந்தார். பாதி மூடிய ஷட்டருக்குக் கீழே நான் டீயைத் தள்ளுவேன். சற்று நேரத்தில் காலிக் கோப்பை வெளியே வரும். சிறையில் இருக்கிறவர்களுக்குக்கூட வாரம் ஒரு தடவை முகம் பார்க்க அனுமதி உண்டு.

உள்ளே அவருக்குத் துணை நார்மன். பக்கத்து வீடு. ஆறடி மூன்றங்குலம். ஒரு நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவர் போன பிறகு நார்மனுக்கு மாலை நேரங்கள் நீளமாகிவிட்டன. அதனால் டெரிக்குக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க வருவார். நல்ல மனிதர். இந்தக் கதையில் எனக்குப் பெரிய தொந்தரவே அதுதான்.

இப்படிக் கார் கட்டுகிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு சங்கம் இருக்கிறது. வருஷா வருஷம் மே மாதத்தில் வேல்ஸ் கடற்கரைக்கு இரண்டு நாள் பயணம் போவார்கள். முடிவில் ‘சொந்தக் கை’ என்று ஒரு கோப்பை கொடுப்பார்கள். முழுக்க முழுக்கச் சொந்தக்காரரே செய்த காருக்கு மட்டும்தான் அது. ஒரு திருகாணியை வேறு ஆள் முடுக்கியிருந்தாலும் கிடையாது என்பார்கள். டெரிக் ஆறு வருஷமும் அந்தக் கோப்பையைக் கண்ணில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார். எல்லாம் முடிந்தது. மேலே போடுகிற துணிக்கூரை மட்டும் பாக்கி.

நான் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். கவென்ட்ரியில் ஒரு கார் தொழிற்சாலையில் இருக்கை தைக்கிற பிரிவில் பத்தொன்பது வருஷம் இருந்தேன். பிரிவை மூடியபோது என் மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தூக்க நான்கு ஆள் வேண்டியிருந்தது. இப்போது காலையில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. இதெல்லாம் டெரிக்குக்குத் தெரியும். ஆனால் சங்க விருந்தில் ஒருமுறை, “மேவிஸ் தலையணை உறை எல்லாம் அழகாத் தைப்பா, ஆனா காரோட கூரைங்கறது இன்ஜினியரிங்” என்று சொல்லிவிட்டார். சொன்ன வாயால் என்னிடம் கேட்க முடியவில்லை.

அதனால் நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து அவரே தைத்தார்.

நான்கு நாட்களில் ஏழு ஊசி முறிந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தால், மெஷின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஆடை தைப்பவர் கடையில் நிற்கிற பொம்மை மாதிரி ஒரு கை நீட்டியபடி இருந்தது.

“என்ன பண்ற?”

“அளவு பாக்குறேன்.”

“ஸ்வெட்டர் கையச் சேத்துத் தச்சிருக்கியே.”

“அது மெஷின் இழுத்துடுச்சு.”

“எவ்வளவு நேரமா இப்படி உக்காந்திருக்க?”

“பத்தரையிலேருந்து.”

மணி இரண்டே கால் ஆகியிருந்தது. நான் கத்தரியை எடுத்து அவரை விடுவித்தேன். ஸ்வெட்டரைக் காப்பாற்ற முடியவில்லை. அன்று சாயங்காலம், மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கூரையை நான் தைத்துக் கொடுக்க முடியுமா, ஆனால் வெளியே ஒருவருக்கும் தெரியக் கூடாது, தெரிந்தால் கோப்பை போய்விடும், நார்மனுக்கு மட்டும் தெரிந்தால் பரவாயில்லை. ஒரு நிமிஷம் யோசிப்பதுபோல் பாவனை செய்தேன். உள்ளுக்குள் ‘சரி’ என்று மீன் வாயில் வைப்பதற்கு முன்னாலேயே சொல்லியிருந்தேன்.

அந்த இரண்டு வாரம் நன்றாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இவ்வளவு நேரம் ஒரே அறையில் இருந்ததில்லை. கூரையைத் தாங்குகிற மூன்று வளைகம்பிகளை நிறுத்தி, பழைய படுக்கை விரிப்புகளை மேலே போட்டு, குண்டூசி குத்தி, சாக்பீஸால் கோடு போட்டு மாதிரி எடுத்தேன். நடுவில் ரப்பர் அடுக்கு வைத்த கறுப்புக் கித்தானை வரவழைத்தோம். சங்கத்து ஆள் யாராவது எட்டிப் பார்த்தால் டெரிக் பாய்ந்து மெஷினில் உட்காருவார். நான் டீத் தட்டை எடுத்துக்கொள்வேன். ஒருநாள் ஒருத்தர் நகரவே இல்லை, தைத்துக் காட்டச் சொன்னார். டெரிக் ஊசியில் நூலே இல்லாமல் இரண்டு கெஜம் ஓட்டினார். வந்தவர், என்ன ஒரு நிதானமான கை என்று வியந்தார். நான் அவருக்கு இன்னொரு பிஸ்கட் கொடுத்தேன்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை சாக்பீஸ் தேடும்போது, பெயிண்ட் டப்பாவுக்கு அடியில் வேல்ஸ் பயணத்தின் படிவத்தைப் பார்த்தேன். ஓட்டுபவர்: டெரிக். வரைபடம் பார்த்து வழி சொல்பவர்: நார்மன்.

“வேல்ஸுக்கு நார்மனா வர்றாரு?”

“ஆமா. மேப் பாக்கணும்ல.”

“நான் பாக்க மாட்டனா?”

“உனக்குத் தலை சுத்தும் மேவிஸ். ஸ்கெக்னஸ் பீச்சுக்குப் போனப்ப என்ன ஆச்சு?”

“அது நண்டு. நண்டு கெட்டுப் போயிருந்துச்சு.”

“அது மட்டுமில்ல. மேப்புங்கறது கொஞ்சம் படிச்சவங்க வேலை.”

அதைச் சண்டை போட வேண்டும் என்று சொல்லவில்லை. திருகாணி தேடிக்கொண்டே, வானிலை சொல்வதுபோல் சொன்னார். சமையலறைத் தரையில் வைத்த அந்த இருக்கை அவருக்கு நினைவிலேயே இல்லை. நான் ஆறு குண்டூசியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். தைக்கிறவளுக்கு அது ஒரு வசதி. பதில் சொல்ல முடியாது.

மறுநாள் டெரிக் கடைக்குப் போயிருந்தபோது நார்மன் வந்தார். துணி அளவு சரிபார்க்க வேண்டும், கொஞ்சம் காரில் உட்காருகிறீர்களா என்று கேட்டேன். உட்கார்ந்தார். உச்சந்தலைக்கும் விரிப்புக்கும் நடுவே டேப்பை வைத்தேன். டேப் வழுக்கியது. நுனியை அவரே தன் தலைமேல் பிடித்துக்கொண்டார். முக்கால் அங்குலம் இடைவெளி. “போதுமாம்மா, இன்னும் நிமிந்து உக்காரட்டுமா?” என்று வேறு கேட்டார். போதும் என்றேன். டெரிக் ஐந்தடி ஐந்தங்குலம். நான் ஐந்தடி இரண்டு. எங்கள் இருவர் தலைக்கு மேலும் கோழி வளர்க்கலாம்.

சாயங்காலம் கராஜில் நின்று, விரிப்புப் போட்ட கூரையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டேன்.

“என்ன?” என்றார் டெரிக்.

“ஒண்ணுமில்ல.”

“ஏதோ இருக்கு. சொல்லு.”

“நல்லாத்தான் இருக்கு. உள்ள ஒரு குழந்தை அழுதா இன்னும் பொருத்தமா இருக்கும்.”

கார் கட்டுகிற ஆண்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். கூரையைப் போட்டால் கார் குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகிற வண்டி மாதிரித் தெரியும் என்று. அவர் முகம் செத்துப்போனது. வாசலுக்குப் போய்ப் பார்த்தார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். திரும்பி வரும்போது கையில் இரும்பு ரம்பம் இருந்தது.

“எவ்வளவு குறைக்கலாம்?”

“எனக்கென்ன தெரியும். நீதான் இன்ஜினியர்.”

“ஒரு அங்குலம்?”

“ஒரு அங்குலம்னா, குழந்தை கொஞ்சம் சின்னது.”

“ரெண்டு?”

“உன் இஷ்டம்ப்பா.”

அவரே அறுத்தார். கம்பியின் ஆறு காலிலும் இரண்டிரண்டு அங்குலம். நான் ரம்பத்தைத் தொடவே இல்லை. அறுத்த துண்டுகளைப் பெருக்கி எடுத்தது மட்டும்தான் நான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு கித்தானை அந்த அளவுக்கு வெட்டி, தண்ணீர் இறங்காதபடி இரட்டை மடிப்புத் தையல் போட்டு, ஓரம் முழுக்க டிச் பட்டன் அடித்து முடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், தொழிற்சாலையில்கூட நான் அவ்வளவு நன்றாகத் தைத்ததில்லை.

போட்டுப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்குமே என்று கேட்பீர்கள். போட்டுப் பார்த்தார்கள். ஆனால் வெளியே நின்று பார்த்தார்கள். கராஜுக்குள் கூரையை ஏற்றி, இரண்டு ஆண்களும் சுற்றிச் சுற்றி வந்து, தட்டி, தடவி, போட்டோ எடுத்து, மடித்து வைத்துவிட்டார்கள். உள்ளே யாரும் உட்காரவில்லை. இந்தச் சங்கத்து ஆண்கள் கூரை போட்டுக்கொண்டு ஓட்டுவதைத் தோல்வி என்று நினைப்பவர்கள். சட்டைப் பையில் மழைத் தண்ணீர் நிற்கும், கூரை பின்னால் மடிந்து கிடக்கும். நான் இதையும் கணக்கில் வைத்திருந்தேன். நான் நம்பியிருந்தது வேறு ஒரு விதியை. புறப்படும் இடத்தில் ஒவ்வொரு காரும் இரண்டு ஆள் உள்ளே இருக்க, மூன்று நிமிஷத்தில் கூரையை ஏற்றிப் பட்டன் போட்டுக் காட்ட வேண்டும். காட்ட முடியாத கார் கிளம்ப முடியாது.

புறப்படும் இடம் ஊருக்கு வெளியே ஒரு பப்பின் வாகன நிறுத்தம். சனிக்கிழமை காலை. வழியனுப்ப வருகிறேன் என்று நான் எங்கள் பழைய வேனை ஓட்டிக்கொண்டு பின்னால் போனேன். வேனில் ஒரு சின்னப் பெட்டி. காலில் நடைபயண ஷூ. தலையில் ஸ்கார்ஃப், தாடைக்குக் கீழே இறுக்கி முடிச்சுப் போட்டது.

எங்கள் முறை வந்தது. சங்கச் செயலாளர் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினார். டெரிக் கூரையை இழுத்தார். பட்டன்கள் வலது பக்கம் வரிசையாகப் பூட்டிக்கொண்டன. எல்லாரும் கூரையின் அழகைப் பார்த்தார்கள். இடது பக்கம் மட்டும் நடுவில் ஒரு புடைப்பு. உள்ளே யாரோ பூசணிக்காயை ஒளித்து வைத்ததுபோல். புடைப்பு இந்தப் பக்கம் நகர்ந்தது, அந்தப் பக்கம் நகர்ந்தது, பிறகு மெதுவாக மறைந்தது. கடைசிப் பட்டனும் பூட்டிக்கொண்டது.

செயலாளர் ஜன்னல் வழியே குனிந்தார். நார்மனின் தாடை நெஞ்சில் இருந்தது.

“மேப் தெரியுதா நார்மன்?”

“என் முழங்கால் தெரியுது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. இப்படி இருநூறு மைல் போக விட முடியாது என்றார். இருக்கையில் இருந்த மெத்தையை எடுத்துப் பார்த்தார்கள். சரிந்து உட்காரச் சொன்னார்கள், முழங்கால் முன்பலகையில் முட்டியது. தலையைச் சாய்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நார்மன் அவர்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்தார். ஒவ்வொரு தடவையும் கழுத்து ஒரு புது விதமாக வளைந்தது. வேல்ஸ் வானொலி மழை என்று சொல்லியிருந்ததால், கூரை இல்லாமல் போகிற பேச்சுக்கும் இடமில்லை.

டெரிக்கைப் பார்த்தேன். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆறு வருஷம். மற்ற கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. அவர் உதடு நடுங்குவதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். அந்த நிமிஷத்தில் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம் வரவில்லை.

செயலாளர், குட்டையாக ஒரு ஆள் இருந்தால் போதும் என்றார். எல்லாருடைய தலையும் என் பக்கம் திரும்பியது.

நார்மன் காரிலிருந்து மடிப்பு மடிப்பாக இறங்கி, கழுத்தைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். என் ஸ்கார்ஃபைப் பார்த்தார். காற்றே இல்லாத காலை அது. ஷூவைப் பார்த்தார். வேன் ஜன்னல் வழியே பெட்டியைப் பார்த்தார். பிறகு, எனக்கு எதற்கென்று உடனே புரிந்தது, தன் உச்சந்தலையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். டேப் பிடித்த இடம்.

ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அவர் வரைபடம் செருகிய பலகையை என் கையில் கொடுத்தார்.

“பென்சில கயித்துல கட்டியிருக்கேம்மா. கீழ விழாது.”

அவ்வளவுதான். எங்கள் வேனை வீட்டுக்கு அவர் ஓட்டிக்கொண்டு போனார்.

ஷ்ரூஸ்பரி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. என் தையல் வழியாக ஒரு சொட்டு வரவில்லை. மற்ற எல்லா வழியாகவும் வந்தது. கண்ணாடிக்கு அடியிலிருந்து வந்தது, கதவிடுக்கில் வந்தது, தரையிலிருந்து மேல்நோக்கி வந்தது. எனக்கு வரைபடத்தில் ஆறு எது, சாலை எது என்று தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. பலகையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் காகிதங்கள். நார்மனின் கையெழுத்து, அச்சடித்ததுபோல். குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதியிருக்கிறார். சிவப்பு போஸ்ட் பெட்டி தாண்டி இடது. தேவாலயத்துக்கு முன் வலது, பின் அல்ல. பதினொரு மணிக்கு டெரிக்குக்கு ஒரு புதினா மிட்டாய். நீண்ட ஏற்றத்தில் டெரிக்கிடம் பேச வேண்டாம், கியர் மறந்துவிடுவார்.

கடைசி வரியை நான் ஏற்றம் முடிந்த பிறகுதான் படித்தேன். ஏற்றத்தில் நான் பள்ளிக்கூடச் சமையலறைக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். கார் நின்று, இருமி, ஒரு ஆட்டு மந்தைக்குள் பின்னோக்கிப் போனது. ஆடுகள் வழி விட்டன. டெரிக் மறுபடி ஸ்டார்ட் செய்தார். இருபத்தாறு வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். பதினொரு மணிக்கு அவருக்கு மிட்டாய் வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் எழுதிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பாலா ஏரிக்கு அப்பால் மழை விட்டது. கூரையை மடித்துப் போட்டோம். வெயில் வந்தது. மலை ஓரமாகச் சாலை இறங்க இறங்கக் காற்று ஸ்கார்ஃபை அவிழ்த்து எங்கேயோ கொண்டுபோய்விட்டது. டெரிக் ஏதோ பாட்டை அபசுரமாகப் பாடினார். நடுவில் திரும்பி, “நல்லா இருக்கா?” என்று கேட்டார். என் வாய் நிறைய முடி. தலையை ஆட்டினேன். அரை மணி நேரம் அப்படிப் போனோம். அது எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொல்லவே கூசுகிறது. அந்த அரை மணியும் நார்மனுடையது. அவர் அதைக் காகிதத்தில்கூட எழுதி வைத்திருந்தார்: இங்கே வழி சொல்ல ஒன்றுமில்லை, பார்த்துக்கொண்டே போகலாம்.

மறுநாள் மதிய விருந்தில் கோப்பை எங்களுக்கு. சங்கத் தலைவர் எழுந்து பேசினார். இன்ஜினைப் பற்றி இரண்டு வார்த்தை, பெயிண்டைப் பற்றி இரண்டு வார்த்தை, மற்றதெல்லாம் கூரையைப் பற்றி. இத்தனை வருஷத்தில் இவ்வளவு தாழ்வான, இவ்வளவு லட்சணமான கூரைக்கோட்டை அவர் பார்த்ததே இல்லையாம். டெரிக் நன்றி சொல்ல எழுந்தார்.

“எல்லாரோட கூரையும் குழந்தை வண்டி மாதிரித்தான் இருக்கும். நான் தள்ளி நின்னு பாத்தேன். ரெண்டு அங்குலம் எறக்கணும்னு கண்ணு சொல்லிச்சு.”

கைதட்டினார்கள். நான் ஆட்டுக்கறியை மென்றுகொண்டிருந்தேன். தைத்தது நான் என்று சொன்னால் அவர் கோப்பை போகும். இரண்டங்குலம் என்னுடையது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். நான் செய்ததிலேயே அழகான வேலை நான் செய்ததிலேயே கேவலமான காரியமாகவும் இருந்ததால், இரண்டில் எதற்கும் சொந்தம் கொண்டாட முடியவில்லை. டெரிக் உட்கார்ந்து, என் காதருகே குனிந்து, “பாத்தியா என் கண்ண?” என்றார். பார்த்தேன் என்றேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு பாத்திரம் நிறைய ஆட்டுக்கறி சூப் வைத்து எடுத்துக்கொண்டு நார்மன் வீட்டுக்குப் போனேன். வழி நெடுக, அதாவது எங்கள் வாசலிலிருந்து அவர் வாசல் வரை, சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தேன். கதவைத் திறந்தார். கழுத்தில் வெள்ளைப் பட்டை, தாடைவரை. மனப்பாடம் எல்லாம் போய்விட்டது.

“வலிக்குதா?” என்றேன்.

“வலி இல்ல. ஷூ லேஸ மட்டும் பாக்க முடியல. ஞாயித்துக்கெழம ரெண்டு ஷூவும் வேற வேற ஜோடி.”

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். இரண்டு கிண்ணத்தில் சூப்பை ஊற்றினார். நான் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு கரண்டி குடித்தார். உப்பு சரியாக இருக்கிறது என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

“எத்தன அங்குலம்மா எடுத்த?”

“ரெண்டு.”

“ஒண்ணே போதுமே.”

“போதும்தான். தப்பிடுமோன்னு பயந்துட்டேன்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கழுத்து வலித்தது. பட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்தார்.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சீட்ட உனக்கே குடுத்திருப்பேனே மேவிஸ்.”

“கேக்க வெக்கமா இருந்துச்சு.”

“கம்பிய அறுக்க வெக்கமா இல்லையா?”

“அறுத்தது டெரிக்.”

சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலிக்கிறது என்று எனக்கே கேட்டது. தலையைக் குனிந்துகொண்டேன். அவரால் குனிய முடியாது, அதனால் அவர் என்னைப் பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டியிருந்தது. செப்டம்பரில் சங்கத்தின் ஏரிப் பயணம் இருக்கிறதல்லவா, அதற்குள் கம்பியை உயர்த்திப் புதுக் கூரை தைத்துவிடுகிறேன் என்றேன். டெரிக்கிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். கோப்பை போனால் போகட்டும். நார்மன்தான் போக வேண்டும், நான் வீட்டில் இருந்துகொள்கிறேன். இதைச் சொல்லும்போது அழுகை வந்தது. உண்மையான அழுகைதான்.

அவர் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார்.

“டெரிக்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். அவர் அந்தக் கூரை மேல ஊசி பட விட மாட்டாரு. அப்புறம், செப்டம்பருக்கு ஆள் பாத்தாச்சு.”

இங்கே இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கண்ணீர் இன்னும் கன்னத்தில் இருக்கும்போதே, ஆள் நான்தானோ என்று எனக்கு ஒரு ஆசை வந்தது. மலை ஓரம் இறங்குகிற அந்தச் சாலையும் காற்றும் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டன.

“யாரு?” என்றேன்.

“நேத்து டெரிக் வந்திருந்தாரு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலன்னாரு. நீ ஏத்தத்துல பேசுறியாம்.”

“யாரு நார்மன்?”

“எல்வின்னு ஒருத்தர், சங்கத்துல புதுசா சேந்திருக்காரு, உன்னவிடக் குட்டை. முப்பது வருஷம் பந்தயக் குதிரை ஜாக்கியா இருந்தவராம்.” சூப்பை ஊதினார். “தொப்பி போட்டுக்கிட்டே உக்காரலாமாம்.”